பாண்ட் தேர்தல் வந்தால் பள்ளி ஊழியர் என்ன செய்யலாம்?

கலிபோர்னியாவில் எந்த ஊர்ப் பள்ளி மாவட்டத்தில் நீங்கள் வேலை பார்த்தாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு 'மெஷர்' வந்து நிற்கும். மெஷர் எச், மெஷர் எம் என்று பெரும்பாலும் ஓர் எழுத்துதான் அதற்குப் பெயர். பள்ளிக் கட்டடங்களைக் கட்டவோ புதுப்பிக்கவோ கடன்பத்திரம் வெளியிடலாமா என்று வாக்காளர்களிடம் கேட்கும் தேர்தல் அது. எல்லோரும் சொல்வது பாண்ட் தேர்தல்.

அந்த மாதங்களில் ஊழியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "நமக்கு எதற்கு வம்பு, வாயே திறக்கக் கூடாதாம்" என்று ஒதுங்குகிறவர்கள் ஒரு பக்கம். "பிள்ளைகளுக்காகத்தானே, இதில் என்ன தப்பு" என்று பள்ளியின் ஜெராக்ஸ் இயந்திரத்திலேயே நோட்டீஸ் அடிக்கிறவர்கள் மறுபக்கம். முன்னவர் தமக்கு இருக்கும் உரிமையைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். பின்னவர் வழக்கில் மாட்டுகிறார். ஆசிரியர், வகுப்பு உதவியாளர், அலுவலக எழுத்தர், பஸ் ஓட்டுநர், வாரிய உறுப்பினர் என்று பள்ளி மாவட்டத்தோடு தொடர்புள்ள தமிழர்கள் இந்த இரண்டிலும் விழாமல் இருப்பதற்காகவே இந்த அத்தியாயம். இது கலிபோர்னியாவுக்கு மட்டும் பொருந்தும்; மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

ஏன் இவ்வளவு பரபரப்பு?

1978ல் நிறைவேறிய முன்மொழிவு 13, கலிபோர்னியாவில் சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டிவிட்டது. அதற்கு மேல் பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்கி, அந்தக் கடனை வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்க வேண்டுமானால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டியிருந்தது. 2000 நவம்பரில் வந்த முன்மொழிவு 39 அந்தத் தடையை 55 சதவீதமாகக் குறைத்தது. சும்மா குறைக்கவில்லை. பணம் எந்தெந்த வேலைக்கு என்று பட்டியல் போட வேண்டும். ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்கு ஒரு காசும் போகக் கூடாது. ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும், ஊர்மக்கள் அடங்கிய கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். தொடக்கப்பள்ளியும் உயர்நிலைப்பள்ளியும் சேர்ந்த ஒருங்கிணைந்த மாவட்டத்தில் ஒரு தேர்தலின் பாண்டுக்காக ஆண்டுக்கு விதிக்கும் வரி, வரி மதிப்பீட்டில் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் 60 டாலரைத் தாண்டாது என்று கணக்குக் காட்டவும் வேண்டும்.

54 சதவீதம் பேர் 'ஆம்' என்று போட்டாலும் தோல்விதான். கொஞ்சம் தள்ளினால் ஜெயித்துவிடலாம் என்ற இடத்தில்தான் பள்ளியின் கையும் காசும் பிரச்சாரத்துக்குள் நுழைகின்றன.

ஊரிலிருந்து கொண்டுவந்த பயம்

இந்தியாவில் அரசு வேலை பார்த்தவர்களுக்கும், பெற்றோர் அரசு ஊழியராக இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் ஒரு பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும்: அரசாங்கச் சம்பளம் வாங்கினால் அரசியல் பேசக் கூடாது. அது தப்பான பழக்கமல்ல. அங்கே சட்டமே அப்படித்தான். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, அரசு ஊழியர் கட்சியில் சேரவோ தேர்தலில் ஆதரவு திரட்டவோ தடை விதிக்கிறது. தன் உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னம் வைப்பதைக்கூடத் தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்துவதாகவே எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கும் 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு.

கலிபோர்னியாவில் கதை தலைகீழ். இங்கே கல்விச் சட்டத் தொகுப்பின் 7050 தொடங்கும் பிரிவுகள் பள்ளி ஊழியரின் அரசியல் நடவடிக்கை பற்றிப் பேசுகின்றன. சட்டம் வெளிப்படையாகச் சொல்லும் சில தடைகளைத் தவிர, பள்ளி ஊழியரின் அரசியல் நடவடிக்கைக்குக் கட்டுப்பாடு கிடையாது என்பதே அவற்றின் அடிப்படை. நீங்கள் மாவட்ட ஊழியர் என்பதற்காக உங்கள் வீட்டு வாசலில் 'மெஷருக்கு ஆம்' பலகை நடக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. 'வேண்டாம்' பலகை நட்டாலும் அதேதான்.

தடை இருப்பது உங்கள் மேல் இல்லை. பள்ளியின் பணம், நேரம், பொருள் மேல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிச் சந்தேகங்களில் முக்கால்வாசி தானாகவே தீர்ந்துவிடும். 7054ஆம் பிரிவின் சாரம் இவ்வளவுதான்: பள்ளி மாவட்டத்தின் நிதி, சேவை, பொருட்கள், கருவிகள் ஆகியவற்றை எந்த மெஷரையும், எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ பயன்படுத்தக் கூடாது. வாரியத்துக்குப் போட்டியிடும் வேட்பாளரும் இதில் அடக்கம்.

பூங்காத் துறை கற்றுக்கொடுத்த பாடம்

இந்த விஷயத்தில் எல்லா வழக்கறிஞர்களும் முதலில் எடுத்துவைக்கும் தீர்ப்பு பள்ளி பற்றியதே அல்ல. 1974 ஜூனில் பூங்காக்களுக்காக மாநில அளவில் ஒரு பாண்ட் தேர்தல் நடந்தது. மாநிலப் பூங்காத் துறை இயக்குநராக இருந்த வில்லியம் பென் மாட், அதை ஜெயிக்க வைக்க அரசுப் பணத்தைச் செலவழித்தார் என்று ஸ்டான்சன் என்ற வரி செலுத்துநர் வழக்குப் போட்டார். சர்ச்சைக்குரிய தொகை சுமார் 5,000 டாலர். 1976ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் நிற்கிறது.

நீதிமன்றத்தின் கவலை நியாயமானது. அரசாங்கம் தன் கஜானாவைத் தேர்தலில் ஒரு பக்கம் சாய்த்தால், எதிர்த்து வாக்களிப்பவனின் வரிப்பணமே அவனைத் தோற்கடிக்கப் பயன்படுகிறது. ஆகவே பிரச்சாரத்துக்குப் பொதுப்பணம் கூடாது. அதே சமயம், பாண்ட் நிறைவேறினால் என்ன ஆகும், நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்று வாக்காளருக்கு நடுநிலையாகத் தகவல் சொல்லலாம். ஸ்டிக்கர், சுவரொட்டி, டிவி, ரேடியோ விளம்பரம் போன்றவை சந்தேகமில்லாமல் பிரச்சாரம். இடையில் இருப்பவற்றை நடை, தொனி, வெளியிடும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். போதிய கவனம் இல்லாமல் பொதுப்பணத்தைத் தவறாகச் செலவழிக்க அனுமதித்த அதிகாரி தன் சொந்தப் பையிலிருந்து திருப்பிக் கொடுக்க நேரிடலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. மேலதிகாரிகள் இந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் கவனமாக இருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

2009ல் சலினாஸ் நகராட்சி வழக்கில் இதே நீதிமன்றம் அளவுகோலை இன்னும் தெளிவாக்கியது. ஒரு வரியை ரத்து செய்யும் மெஷர் நிறைவேறினால் எந்தெந்தச் சேவை குறையும் என்று நகராட்சி தன் இணையதளத்திலும், ஒரு பக்கத் தாளிலும், வழக்கமாக அனுப்பும் செய்திமடலிலும் சொன்னது. தொனி நிதானமாக இருந்தது, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை. அதனால் அது தகவல்தான் என்று தீர்ப்பு வந்தது. 'ஆம் என்று போடுங்கள்' என்ற சொல் இல்லை என்ற காரணம் மட்டும் ஒரு தாளைக் காப்பாற்றிவிடாது என்பதையும் அதே தீர்ப்பில் பார்க்கலாம்.

ஒரே செய்தி, இரண்டு தாள்

இதைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். ஒரு பள்ளிக்குக் கூரை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாவட்ட அலுவலகம் வெளியிடும் தாளில் இப்படி இருக்கலாம்:

"இந்தப் பள்ளியின் பிரதான கட்டடம் 1962ல் கட்டப்பட்டது. பொறியாளர் அறிக்கையின்படி கூரை மாற்றப்பட வேண்டும். மெஷர் நிறைவேறினால் இந்தப் பணி திட்டப் பட்டியலில் இடம்பெறும். வீட்டு உரிமையாளருக்கு, வரி மதிப்பீட்டில் ஒரு லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு இவ்வளவு கூடுதல் வரி வரும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. நிறைவேறாவிட்டால் பராமரிப்பு நிதியிலிருந்து பழுதுபார்ப்புகள் தொடரும்."

வாக்குச்சீட்டு வீட்டுக்கு வரும் வாரத்தில் வெளியாகும் இன்னொரு தாள்: "நம் பிள்ளைகள் ஒழுகும் கூரைக்கடியில் எத்தனை நாள் உட்கார வேண்டும்? அவர்களுடைய பாதுகாப்பு நம் கையில். நவம்பரில் மறக்காதீர்கள்!" பக்கத்தில் வாளியில் தண்ணீர் சொட்டும் படம்.

இரண்டாவது தாளில் பொய் எதுவும் இல்லை. வாக்கு கேட்கவும் இல்லை. ஆனாலும் பள்ளிப் பணத்தில் அது அச்சாகக் கூடாது. உணர்ச்சியைத் தூண்டுகிறது, வரி எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விடுகிறது, வாக்குச்சீட்டு வீட்டுக்கு வரும் வாரத்தில் வருகிறது. செலவைச் சொல்லாத தாள் தகவல் தாளே அல்ல. வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது வரித் தொகையைத்தான். இதே இரண்டாவது தாளை ஊர்மக்கள் நடத்தும் தனிப் பிரச்சாரக் குழு தன் காசில் அச்சடித்தால் அதில் எந்தத் தவறும் இல்லை. அந்தக் குழு ஓராண்டில் 2,000 டாலரோ அதற்கு மேலோ வசூலித்தால் மாநில விதிப்படி பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவே.

அன்றாடச் சிக்கல்கள்

ஊழியர்கள் மாட்டிக்கொள்வது பெரிய பிரச்சாரத்தில் அல்ல, சின்னச் சின்னக் காரியங்களில். பள்ளி மின்னஞ்சல் முதல் குற்றவாளி. "நண்பர்களே, சனிக்கிழமை வீடு வீடாகப் போகிறோம், வருகிறீர்களா?" என்று பள்ளிக் கணக்கிலிருந்து எல்லா ஆசிரியருக்கும் போகும் ஒரு வரி, கருவி, சேவை இரண்டுமே பள்ளியுடையவை என்பதால் 7054க்குள் வந்துவிடும். அதே செய்தியை உங்கள் சொந்தக் கைபேசியில், சொந்த வாட்ஸ்அப் குழுவில், வேலை முடிந்தபின் போடுங்கள். யாராவது உங்கள் பள்ளி முகவரிக்குப் பிரச்சார அஞ்சல் அனுப்பினால் பயப்பட வேண்டாம். கேட்காமல் வந்த அஞ்சலையோ தொலைபேசி அழைப்பையோ பிரச்சாரக் குழுவுக்குத் திருப்பிவிடுவது போன்ற அற்பமான, தற்செயலான பயன்பாட்டை அரசுச் சட்டத் தொகுப்பின் 8314ஆம் பிரிவு விட்டுவிடுகிறது.

ஆசிரியர் அறையில் இருக்கும் அஞ்சல் பெட்டிகளும் பள்ளிச் சொத்துதான். யூனியன் அனுப்பும் செய்திமடலில் வேட்பாளருக்கு ஆதரவு இருந்தால் மாவட்டம் அதை அந்தப் பெட்டிகளில் போடத் தடை விதிக்கலாம் என்று 2009ல் சான் லியாண்ட்ரோ ஆசிரியர் சங்க வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுப்பணத்தில் செய்த பெட்டி 'கருவி' என்ற சொல்லுக்குள் வருகிறது என்பது அதன் வாதம். ஓர் அஞ்சல் பெட்டிக்காகவா உச்ச நீதிமன்றம் வரை போவது என்று சிரிப்பு வரலாம். ஆனால் சின்னப் பொருளையும் சட்டம் விட்டுவைக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சட்டையில் குத்தும் பட்டன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சான் டியேகோ மாவட்டத்துக்கு எதிராக ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில் 1996ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் சூழலில் அரசியல் பட்டன் அணியக் கூடாது என்று மாவட்டம் சொல்லலாம். பாடச் சூழலுக்கு வெளியே அப்படித் தடுக்க முடியாது. ஆக, வகுப்பில் கழற்றிவிடுங்கள், மாணவர் இல்லாத ஆசிரியர் அறையில் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைத் தூதுவராக்குவது எல்லாவற்றிலும் மோசம். பிரச்சார நோட்டீஸை வீட்டுப்பாடத்தோடு பையில் வைத்து அனுப்புவது, 'நம் பள்ளிக்கு ஏன் பாண்ட் வேண்டும்' என்று கட்டுரை எழுதச் சொல்லி அதைத் தாளில் அச்சடிப்பது, பள்ளி நேரத்தில் மாணவர்களைப் பலகை பிடித்து நிற்க வைப்பது: எதையும் செய்யாதீர்கள். குடிமையியல் பாடத்தில் மெஷரின் இரண்டு பக்க வாதத்தையும் வைத்து விவாதிக்கலாம். அது பாடம்.

பெற்றோர் ஒருவர் பள்ளி வாசலிலேயே மடக்கி, "நீங்களே சொல்லுங்க மிஸ், எதுக்குப் போடணும்?" என்று கேட்டால்? வேலை நேரத்தில் இப்படிச் சொல்லலாம்: "மெஷரில் என்ன இருக்கிறது என்று மாவட்டத் தாளில் இருக்கிறதுங்க, தருகிறேன். என் சொந்தக் கருத்து வேண்டுமானால் சாயங்காலம் போன் பண்ணுங்க."

வாக்குச் சாவடியாக உங்கள் பள்ளி இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 100 அடிக்குள் எந்தப் பிரச்சாரமும் கூடாது என்பது தேர்தல் சட்டம். அது ஊழியருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

மேலே இருப்பவர்களுக்கு

பள்ளி வாரியம் பொதுக் கூட்டத்தில் மெஷரை ஆதரித்தோ எதிர்த்தோ தீர்மானம் போடலாம். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரக் கேட்ட 'வவுச்சர்' முன்மொழிவை எதிர்த்து லாஸ் ஏஞ்சல்ஸ் வாரியம் தீர்மானம் போட்ட கூட்டத்தை மாவட்டத்தின் டிவி நிலையம் ஒளிபரப்பியதைக்கூட 1993ல் நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை. தீர்மானம் போட்டபின் அதைத் துண்டறிக்கையாக்கி வீடு வீடாக அனுப்புவதுதான் பள்ளிப் பணத்தில் நடக்கக் கூடாது. ஊர்ச் சங்கமோ ரோட்டரி கிளப்போ கூப்பிட்டால், வாரிய உறுப்பினரோ நிர்வாக அதிகாரியோ போய், தேர்தலை ஏன் அறிவித்தோம் என்று விளக்கிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல 7054.1ஆம் பிரிவு இடம் தருகிறது. அழைப்பு அவர்களிடமிருந்து வர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சூப்பரின்டெண்டென்டுக்கு மணி அடித்து வேலை முடிவதில்லை என்பதால் அவருடைய 'சொந்த நேரம்' எது என்ற சண்டை அடிக்கடி வரும். பகலில் பிரச்சாரக் குழுக் கூட்டத்துக்குப் போவதானால் அரைநாள் விடுப்பு எழுதிவிட்டுப் போகச் சொல்வேன். காகிதம் இருந்தால் வாதம் இருக்காது.

ஆலோசகர் விஷயம் இன்னும் நுட்பமானது. மெஷரை வாக்குச்சீட்டில் வைப்பதற்கு முன், ஊரில் ஆதரவு இருக்கிறதா என்று கருத்துக் கணிப்பு எடுக்கப் பொதுப்பணத்தில் ஆலோசகரை அமர்த்தலாம் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரின் 2005 கருத்துரை சொல்கிறது. பிரச்சார உத்தியை வகுக்க அவரை வைத்துக்கொள்ளக் கூடாது. கமலா ஹாரிஸ் அந்தப் பதவியில் இருந்தபோது, 2016 ஜனவரியில் வெளியான கருத்துரை இன்னொரு ஓட்டையை அடைத்தது. பாண்ட் விற்கும் நிதி நிறுவனம், 'நாங்கள் பிரச்சாரத்தைப் பார்த்துக்கொள்கிறோம், ஜெயித்தபின் பத்திரம் விற்கும் வேலையை எங்களுக்குக் கொடுங்கள்' என்று மாவட்டத்தோடு ஒப்பந்தம் போடுவது சட்ட விரோதம் என்றது அது. பிரச்சாரச் செலவு பிறகு பத்திரக் கட்டணத்தில் ஏறி, கடைசியில் அதே வரி செலுத்துநர் தலையில்தான் விழும்.

எதிர்ப்பவருக்கும் இடம் உண்டு

பாண்ட் தேர்தலில் ஊழியர் எல்லோரும் 'ஆம்' பக்கம்தான் நிற்பார்கள் என்று மாவட்டம் எதிர்பார்க்கும். அப்படி நிற்க வேண்டியதில்லை. இல்லினாய்ஸ் மாநிலம் வில் கவுன்டியில் மார்வின் பிக்கரிங் என்ற உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் இருந்தார். அந்த மாவட்டம் 1961ல் இரண்டு முறை பாண்டுக்கு வாக்குக் கேட்டது. முதலில் தோற்று, டிசம்பரில் 55 லட்சம் டாலருக்கு ஜெயித்தது. 1964ல் வரி உயர்வு கேட்டு இரண்டு முறையும் தோற்றது. அதன்பின் பிக்கரிங் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பாண்ட் விவகாரத்தை வாரியம் கையாண்ட விதம் சரியில்லை, படிப்பைவிட விளையாட்டுக்குப் பணம் அதிகம் போகிறது, பாண்டை எதிர்க்கும் ஆசிரியர்களைச் சூப்பரின்டெண்டென்ட் அடக்கப் பார்த்தார் என்றெல்லாம் எழுதினார். வாரியம் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

கடிதத்தில் சில கணக்குகள் தப்பாகவும் இருந்தன. இருந்தும் 1968ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தெரிந்தே பொய் சொன்னாரென்றோ பொறுப்பில்லாமல் சொன்னாரென்றோ நிரூபிக்காமல் இப்படிப்பட்ட பொது விஷயம் பற்றிய பேச்சுக்காக ஆசிரியரை நீக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பள்ளிப் பணம் எப்படிச் செலவாகிறது என்று மற்றவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஆசிரியர். அவர் பேச முடியாவிட்டால் ஊருக்குத்தான் நஷ்டம் என்பது நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பின் உள்ளோட்டம். ஒரு எல்லை மட்டும் உண்டு: 2006ல் அதே நீதிமன்றம் தந்த கார்செட்டி தீர்ப்புப்படி, உங்கள் வேலையின் பகுதியாக எழுதும் அலுவலகக் குறிப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஊர்ப் பத்திரிகைக்குக் குடிமகனாக எழுதும் கடிதத்துக்குத்தான் கிடைக்கும். கையெழுத்தின் கீழ் பதவியைப் போட்டால், 'அடையாளத்துக்காக மட்டும்' என்று சேர்த்துவிடுங்கள்.

மீறினால்?

7054ஐ மீறுவது குற்றவியல் குற்றம். ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். கடுங்குற்றமாக எடுத்துக்கொண்டால் 16 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 8314ஆம் பிரிவின் கீழ், மீறல் நடந்த ஒவ்வொரு நாளுக்கும் 1,000 டாலர் வரையும், பயன்படுத்திய பொதுச்சொத்தின் மதிப்பைப்போல் மூன்று மடங்கும் சிவில் தண்டத் தொகையாக விதிக்கலாம். ஒரு மின்னஞ்சலுக்காக ஜெயிலுக்குப் போவீர்கள் என்று பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் எதிர்ப்புக் குழு மாநிலப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் பள்ளி மின்னஞ்சல்களைக் கேட்டு வாங்கலாம், உங்கள் பெயர் உள்ளூர்ப் பத்திரிகையில் வரலாம், அது மெஷரையே தோற்கடிக்கவும் போதும்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் மாவட்ட வகுப்பறைகளை வாடகைக்கு எடுப்பதுண்டு. அந்த அறையில் ஒரு தரப்புக்குப் பிரச்சாரக் கூட்டம் நடத்துவதற்கு முன், இடம் இரண்டு தரப்புக்கும் சமமாகத் திறந்திருக்கிறதா என்று மாவட்டத்திடம் கேளுங்கள். சமமாகத் தந்தால் 7058ஆம் பிரிவின்படி தடையில்லை. நன்கொடைக்கு வரிவிலக்குப் பெற்ற அமைப்பாக உங்கள் தமிழ்ப் பள்ளி பதிவாகியிருந்தால், மெஷரை அளவோடு ஆதரிக்கலாம். வேட்பாளரை ஆதரிக்கவே கூடாது.

பெரும்பாலான மாவட்டங்கள் மாநிலப் பள்ளி வாரியச் சங்கத்தின் எண் முறையைப் பின்பற்றுகின்றன. ஊழியரின் அரசியல் நடவடிக்கை பற்றிய கொள்கைக்கு எண் 4119.25, மாவட்டத்தின் தேர்தல் நடவடிக்கை பற்றியது 1160. உங்கள் மாவட்ட இணையதளத்தில் இந்த இரண்டையும் இன்றே எடுத்துப் படியுங்கள். புரியாத இடம் இருந்தால் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். மெஷர் வாக்குச்சீட்டில் ஏறுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.